வயலா, வீடா? ஓட்டுப் போட்டு முடிவு செய்த ஊர்

வாக்குச் சீட்டில் ஒரே ஒரு கேள்விதான். 'டீட்டன்பாக் பகுதி கட்டடம் இல்லாமல் அப்படியே இருக்க வேண்டுமா?'

வயல் வயலாகவே இருக்கட்டும் என்று நினைத்தால் 'ஆம்' போட வேண்டும். வீடுகள் வரட்டும் என்று நினைத்தால் 'இல்லை' போட வேண்டும். படித்தவுடன் கொஞ்சம் தலை சுற்றும். வீடு வேண்டும் என்றவர்கள் ஊர் முழுக்க 'இல்லை' என்று பிரசாரம் செய்தார்கள். வீடு வேண்டாம் என்றவர்கள் 'ஆம்' என்று பிரசாரம் செய்தார்கள். இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போய் முதலில் கேள்வியை விளக்க வேண்டியிருந்தது. ஆதரவு கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2019 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 270 ஏக்கர் விளைநிலத்தின் தலையெழுத்தை ஒரு நகரம் ஓட்டுப் பெட்டியில் போட்ட நாள் அது.

நகரத்தின் பெயர் ஃப்ரைபர்க். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. மேற்கே கொஞ்ச தூரத்தில் பிரான்ஸ், தெற்கே சுவிட்சர்லாந்து, கிழக்கே ஊரை ஒட்டியே எழுந்து நிற்கும் 'பிளாக் ஃபாரஸ்ட்' மலைகள். மக்கள்தொகை சுமார் 2.3 லட்சம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஜெர்மனியில் வெயில் அதிகமாக விழும் ஊர்களில் இதுவும் ஒன்று. குளிர்தேசத்துக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய கவர்ச்சி என்று சொல்லவே வேண்டாம்!

பழைய நகரத் தெருக்களின் ஓரத்தில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஒரு தாண்டு தாண்டினால் அந்தப் பக்கம் போய்விடலாம், அவ்வளவு குறுகல். சாக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். டிரைசாம் ஆற்றிலிருந்து வரும் சுத்தமான தண்ணீர். சில நூறு ஆண்டுகளாக ஓடுகிறது. குழந்தைகள் மரப் படகுகளை நூலில் கட்டி இதில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். தெரியாமல் இதில் கால் வைத்துவிடும் வெளியூர்க்காரருக்கு ஃப்ரைபர்க்கில்தான் கல்யாணம் என்பது உள்ளூர் நம்பிக்கை. வேண்டுமென்றே கால் வைத்தால் பலிக்காதாம்.

ஊர் நடுவில் 116 மீட்டர் உயரக் கோபுரத்தோடு தேவாலயம். 1944 நவம்பரில் விழுந்த குண்டுகளில் சுற்றியிருந்த பழைய நகரம் பெரும்பாலும் தரைமட்டமானது. தேவாலயம் மட்டும் தப்பித்து நின்றது. அதன் வாசலில் ஞாயிறு தவிர தினமும் காலையில் சந்தை கூடுகிறது. வடக்குப் பக்கம் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு. அவர்கள் விளைவித்ததை அவர்களே விற்பார்கள். வசந்த காலத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள், கோடை தொடங்கியதும் செர்ரி, இலையுதிர் காலத்தில் பூசணியும் திராட்சையும். 'உள்ளூர் விளைச்சல்' என்பது இந்த ஊருக்கு வெறும் விளம்பர வாசகமாக இருந்ததில்லை. விவசாயிக்கும் நகரத்துக்காரருக்கும் இங்கே ஒரு பழைய சிநேகம் உண்டு.

அந்தச் சிநேகத்தின் கதை 1975-ல் தொடங்குகிறது. ஃப்ரைபர்க்குக்கு வடமேற்கே, கைசர்ஸ்டூல் என்ற திராட்சைத் தோட்டக் குன்றுகளுக்குப் பக்கத்தில் வீல் என்றொரு கிராமம். அங்கே அணுமின் நிலையம் கட்ட அரசு அனுமதி கொடுத்தது. குளிர்விப்புக் கோபுரங்களின் நீராவி மூடுபனியாகப் படிந்து திராட்சையைக் கெடுத்துவிடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். பிப்ரவரியில் கட்டுமான இடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மாணவர்களும், ரைன் நதிக்கு அக்கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த வட்டார வழக்கில் அவர்களின் முழக்கம் 'நை, ஹெம்மர் க்ஸைட்!' நம் பேச்சில் சொன்னால், 'வேணாம்னு சொல்லிட்டோம்ல!'

அந்த அணுமின் நிலையம் கட்டப்படவே இல்லை. அந்த இடம் இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. ஜெர்மனியின் அணுசக்தி எதிர்ப்பு இயக்கமும் பசுமைக் கட்சியும் வளர்ந்த கதையில் வீல் கிராமத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. 2002-ல் ஃப்ரைபர்க் பசுமைக் கட்சியைச் சேர்ந்த டீட்டர் சாலமோனை மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனியின் பெருநகரம் ஒன்றுக்குப் பசுமைக் கட்சி மேயர் கிடைத்தது அதுதான் முதல் முறை.

டிராம், சைக்கிள் பாதை, கூரையில் சூரியத் தகடு என்று ஊர் மாறியது. உலகம் முழுவதிலுமிருந்து நகரத் திட்டமிடுபவர்கள் குழு குழுவாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தவறாமல் பார்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வோபான். பிரெஞ்சு ராணுவம் 1992-ல் காலி செய்துவிட்டுப் போன முகாமில், கார்களை ஓரங்கட்டிவிட்டு எழுந்த குடியிருப்பு. இன்னொன்று ரீசல்ஃபெல்ட். நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சி மண்ணாலேயே வடிகட்டிக்கொண்டிருந்த பழைய கழிவுநீர்ப் பண்ணை அது. அந்த 320 ஹெக்டேரில் 70-ஐ மட்டும் எடுத்து 10,000 பேர் வாழும் பகுதி ஆக்கினார்கள். மீதியைப் பறவைகளுக்கும் தவளைகளுக்கும் விட்டார்கள்.

கவனித்தால் ஒன்று புரியும். ஒன்று ராணுவ முகாம், மற்றொன்று கழிவுநீர் நிலம். ஊர் ஏற்கெனவே பயன்படுத்தித் தீர்த்த இடங்கள். நல்ல பெயர் வாங்குவது அப்போது சுலபமாக இருந்தது.

நல்ல பெயர் வந்தால் கூட்டமும் வரும். 1457-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கில் மாணவர்கள். வெயிலையும் மலையையும் தேடிக் குடிவருபவர்கள் இன்னொரு பக்கம். வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனது. இங்கே சம்பளம் மியூனிக் அளவுக்குக் கிடையாது. வாடகை மட்டும் பெரிய நகரங்களோடு போட்டி போடுகிறது. நர்ஸ், பஸ் டிரைவர், இளம் குடும்பங்கள் எல்லாம் வெளியூர்களில் வீடு பார்த்துக்கொண்டு தினமும் வந்து போக ஆரம்பித்தார்கள். சூழல் நேசிக்கும் நகரத்துக்குள் காலையும் மாலையும் கார் வரிசை!

வாடகை விஷயத்தில் ஃப்ரைபர்க்காரர்கள் கறார் என்பதற்கு 2006-லேயே சாட்சி உண்டு. கடனை அடைக்க மாநகராட்சிக்குச் சொந்தமான ஆயிரக்கணக்கான வாடகை வீடுகளை விற்றுவிடலாம் என்று மேயர் சாலமோன் தரப்பு யோசித்தது. மக்கள் வாக்கெடுப்பு கேட்டு வாங்கினார்கள். எழுபது சதவிகிதம் பேர் விற்கக் கூடாது என்றார்கள். விற்பனை நின்றது.

இருக்கும் வீட்டைக் காப்பாற்றியாயிற்று. புது வீட்டுக்கு எங்கே போவது? மாநகராட்சியின் கண் ரீசல்ஃபெல்ட்டுக்கு வடக்கே, சாலைக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடந்த வயல்களில் விழுந்தது. டீட்டன்பாக் என்பது அங்கே ஓடும் ஓடையின் பெயர். 'பாக்' என்றாலே ஓடைதான். மக்காச்சோளமும் தானியங்களும் புல்வெளியும், நடுவே ஒரு துண்டுக் காடும். அங்கே சுமார் 6,900 வீடுகள், 16,000 பேர், பள்ளி, மழலையர் பள்ளிகள், டிராம். கட்டும் வீடுகளில் பாதி, குறைந்த வாடகைக்கான மானிய வீடுகளாக இருக்க வேண்டும் என்பது மாநகராட்சி மன்றத்தின் நிபந்தனை.

நிலம் யாருடையது? இந்தக் கேள்வியில்தான் கதை சிக்கலாகிறது.

இந்த பாடன் வட்டாரத்தில் பழங்காலம் தொட்டுப் பாகப்பிரிவினை வழக்கம். ஜெர்மனியின் வேறு பல பகுதிகளில் மூத்த மகனுக்கே முழுப் பண்ணையும் போகும். இங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிரித்ததில் நிலம் ரிப்பன் ரிப்பனாகிவிட்டது. டீட்டன்பாக்குக்கு நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்கள். பலர் டாக்டராகவோ ஆசிரியராகவோ வேறு ஊர்களில் இருப்பார்கள். தாத்தா விட்டுப்போன துண்டு நிலத்தைக் கண்ணால் பார்த்தே வருடங்கள் ஆகியிருக்கும். உழுபவர்களோ பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். ஜெர்மனி முழுக்கவே விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில்தான் ஓடுகிறது.

வீட்டுத் திட்டங்களுக்கு ஜெர்மனியில் ஒரு சட்ட வழி இருக்கிறது. திட்டமே வராதிருந்தால் நிலம் என்ன விலை போயிருக்குமோ, அந்த விலைக்கு மாநகராட்சி வாங்கலாம். மனையானதும் ஏறும் மதிப்பைச் சாலைக்கும் பள்ளிக்கும் செலவிட வேண்டும். யாரும் தர மறுத்தால் கடைசி ஆயுதமாகக் கையகப்படுத்தலாம். டீட்டன்பாக்குக்கு இந்தக் கணக்கில் வந்த விலை சதுர மீட்டருக்கு 15 யூரோ. அதே ஊரில் வீட்டு மனை பல நூறு யூரோவுக்குப் போகும்போது 15 யூரோவுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? பேச்சு நின்றது. பிறகு உள்ளூர்ச் சேமிப்பு வங்கியின் நிறுவனம் ஒன்று நடுவில் வந்து 64 யூரோ தருவதாகச் சொன்னது. நிலச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் சம்மதித்தார்கள்.

குத்தகைக்காரருக்கு இந்த 64-ல் பங்கில்லை. அவருக்குக் கிடைப்பது, குத்தகை முறிவதற்கான ஒரு நஷ்டஈடு. போவது, வருடா வருடம் எரு போட்டுப் பக்குவப்படுத்திய மண். பக்கத்தில் வேறு குத்தகை நிலம் தேடலாமே என்றால், அங்கேயும் பத்துப் பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மேலும் ஒரு வேதனை உண்டு. வெளியில் அதிகம் பேசப்படாதது. ஜெர்மன் சட்டப்படி இயற்கைக்குச் சேதம் செய்து கட்டினால், வேறோர் இடத்தில் இயற்கையை வளர்த்து ஈடுகட்ட வேண்டும். கேட்க நல்ல சட்டம். ஆனால் அந்த ஈட்டு நிலம் எங்கிருந்து வரும்? பல சமயம் அதுவும் வயலிலிருந்தே வருகிறது. ஒரு திட்டத்துக்கு விவசாயி இரண்டு முறை நிலம் இழக்கிறார். முதலில் வீட்டுக்கு, அப்புறம் வீட்டால் இடம்பெயரும் பறவைக்கு.

2018-ல் மாநகராட்சி மன்றம் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டியதும் எதிர்ப்பாளர்கள் தெருவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். விவசாயிகள் சங்கமும் இயற்கை ஆர்வலர்களும் ஒரே அணியில். இந்த மாநிலத்தில் வாக்காளர்களில் 7 சதவிகிதம் பேர் கையெழுத்துப் போட்டால் மன்றத்தின் முடிவை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். ஃப்ரைபர்க்கில் அது சுமார் 12,000 பேர். அதைத் தாண்டினார்கள்.

அவர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது. ஜெர்மனியில் நாள் ஒன்றுக்கு 50 ஹெக்டேருக்கு மேல் நிலம் கட்டடமாகவும் சாலையாகவும் மாறுகிறது. அதை 30-க்குக் கீழே கொண்டுவருவோம் என்று அரசாங்கமே இலக்கு வைத்துவிட்டு, தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுகள் ஒற்றை மாடியில் நிற்கின்றனவே, அவற்றின் மேல் வீடு கட்டலாமே? கார் நிறுத்தும் திடல்கள் சும்மா கிடக்கின்றனவே? ஓடையில் வெள்ளம் வரும் தாழ்வான பகுதியை மண் கொட்டி உயர்த்தி வீடு கட்ட வேண்டுமா? உள்ளூர்க் காய்கறி வேண்டும் என்று சந்தையில் வரிசையில் நிற்கும் ஊர், அது விளையும் மண்ணை மூடலாமா? கடைசிக் கேள்விக்கு எதிரணியால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

எதிரணியிலும் கார்ப்பரேட் முதலாளிகள் மட்டும் நிற்கவில்லை. மன்றத்தின் பெரும்பாலான கட்சிகள், தொழிற்சங்கங்கள், சமூகநல அமைப்புகள் எல்லாம் திட்டத்தின் பக்கம். 2018 மே மாதம் சாலமோனைத் தோற்கடித்துப் புது மேயரான மார்ட்டின் ஹோர்னுக்கு அப்போது வயது 33. கட்டுப்படியாகும் வீடு என்பதே அவர் பேசி ஜெயித்த விஷயம். மாடி மேல் மாடி கட்டுவதெல்லாம் நல்லதுதான், ஆனால் அங்கே பத்து, இங்கே இருபது என்று கிடைக்கும் வீடுகளால் ஆயிரக்கணக்கானோரின் தேவை தீராது என்பது அவர்கள் வாதம். ஊருக்குள் கட்டாவிட்டால் மக்கள் வெளியூர்களில் கட்டுவார்கள். அங்கே போவதும் வயல்தான். கூடவே காரும் வரும். ஏற்கெனவே வசதியான வீட்டில் குடியிருப்பவர்கள் 'இனி யாரும் வராதீர்கள்' என்று கதவைச் சாத்தலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அதுவும் சரியாகத்தான் சுருக்கென்று குத்தியது.

பல வீடுகளில் சாப்பாட்டு மேசையே இரண்டாகப் பிரிந்திருக்கும். சொந்த வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு வயலைப் பார்த்தால் பழைய வீல் போராட்டம் ஞாபகம் வரும். படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும் மகளுக்கோ வாடகை விளம்பரங்கள்தான் கண்ணில் நிற்கும். இந்த மாநிலத்தில் உள்ளாட்சி வாக்கெடுப்புகளில் 16 வயதிலிருந்தே ஓட்டு உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பாட்டியும் ஒரே சாவடியில் நின்றார்கள்.

வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். இத்தகைய வாக்கெடுப்புக்கு அது நல்ல எண்ணிக்கை. முடிவு: 'ஆம்' 40 சதவிகிதம், 'இல்லை' 60 சதவிகிதம். வயல் தோற்றது.

அந்த மண்ணை உழுதவர்களுக்கும் தலைக்கு ஓர் ஓட்டுதான். தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் குடியிருந்து, டீட்டன்பாக் பக்கம் ஒருநாளும் போகாதவருக்கும் ஓர் ஓட்டு. ஜனநாயகம் அப்படித்தான் எண்ணும். எண்ணிக்கையில் சிறிய கூட்டமாகிவிட்ட விவசாயிகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அதை விழுங்கக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். கேட்டு வாங்கிய வாக்கெடுப்பு என்பதால் தோல்வியைப் பற்றிப் புகார் சொல்லவும் வழியில்லை.

ஆனாலும் கதை அன்றோடு முடியவில்லை. வயலுக்கான சண்டை அடங்கியதும் நடுவிலிருந்த துண்டுக் காட்டுக்கான சண்டை தொடங்கியது. டிராம் பாதைக்கும் கட்டடத்துக்கும் மரங்கள் வெட்டப்படும் என்றதும் இளைஞர்கள் மரக்கிளைகளில் குடில் கட்டி ஏறி உட்கார்ந்தார்கள். வழக்குகளும் நடந்தன. காட்டில் ஒரு பகுதி போனது, ஒரு பகுதி நின்றது.

2024 பிப்ரவரியில் அன்றைய ஜெர்மன் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் வந்து மண்வெட்டி பிடித்துப் பணியைத் தொடங்கிவைத்தார். வீட்டுப் பஞ்சம் நாடு முழுக்க இருக்கிறது. இதுபோல இன்னும் பல பகுதிகள் எழ வேண்டும் என்பது அவர் கட்சி. விவசாய டீசல் மானியத்தைக் குறைத்ததற்காக டிராக்டர்களோடு ஜெர்மன் விவசாயிகள் சாலைக்கு வந்ததும் அதே குளிர்காலம்தான்.

வெற்றி பெற்றவர்களுக்கும் வீடு உடனே கிடைத்துவிடவில்லை. முதலில் ஓடையை அகலப்படுத்த வேண்டும், வெள்ளம் வந்தால் தாங்க வேண்டுமே! பிறகு தாழ்வான நிலத்தை லாரி லாரியாக மண் கொண்டுவந்து மேடாக்க வேண்டும். நகரத்தில் வேறு இடங்களில் அஸ்திவாரம் தோண்டிய மண்ணை இதற்காகவே சேர்த்து மலைபோலக் குவித்தார்கள். அதன் பிறகு குழாய், சாலை, தண்டவாளம். 2019-ல் முதல் முறையாக 'இல்லை' போட்ட பதினாறு வயதுப் பிள்ளைகள், இங்கே சாவி வாங்கும்போது முப்பதை நெருங்கியிருக்கலாம்.

ஃப்ரைபர்க் போகிறவர்கள் தேவாலயத்தையும் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அரை நாள் கூடுதலாக இருந்தால் ரீசல்ஃபெல்ட் போகும் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கலாம். ஒரு காலத்தில் கழிவுநீர் பாய்ந்த இடத்தில் இன்று பால்கனிப் பூந்தொட்டிகளும் சைக்கிள் ஓட்டிப் பழகும் குழந்தைகளும். வடக்கே சாலையைத் தாண்டினால் வேலை நடக்கும் டீட்டன்பாக்.

அதற்கு மேற்கே கொஞ்சம் நடந்தால் முன்டன்ஹோஃப். நகரமே நடத்தும் பெரிய விலங்குப் பண்ணை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம், குரங்கு என்று பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. கோடையில் பக்கத்து மைதானத்தில் கூடாரங்கள் போட்டுப் பெரிய இசைத் திருவிழா நடக்கும். வார இறுதிகளில் ஊரே குடும்பத்தோடு இங்கே வருகிறது. வருகிற வழியில் ஒரு பக்கம் இன்னும் உழுகிற வயல், இன்னொரு பக்கம் மண்மேட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும் பொக்லைன்.